திங்கட்கிழமை முதல் டூட்டி, இப்போதே கை நடுங்குகிறது

கேள்வி: எங்களுக்குத் தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். எனக்கு 39 வயது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடி சுற்றுகிறேன். இப்போது வாரத்தில் பாதி நாள் வேலை வருவதில்லை. தெரிந்தவர் மூலமாக அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை 6 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தத்தைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். அங்கிருந்து ஏதாவது நோயைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. போர்டெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். தெரியாமல் எதையாவது தொட்டு யாருக்காவது ஆபத்து வந்துவிட்டால்? 'ஊரான் பீயை அள்ளப் போறியா' என்று நாத்தனார் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. போகட்டுமா, வேண்டாமா? நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதுகிறாள். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

போங்கள். திங்கட்கிழமை காலை கட்டாயம் போங்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள்.

நான் ஓர் அரசு மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர். துப்புரவுப் பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் பாடம் எடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. முந்தானையைத் திருகிக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். பெயரைக் கேட்டால் குரல் வராது. அப்படி வருகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. பயந்து வருகிறவர் எதையும் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். 'எங்க வீட்டுல நான் செய்யாத வேலையா' என்று விறுவிறுவென உள்ளே போகிறவரின் பின்னால்தான் நான் போய் நிற்பேன். அதனால் பயத்தை விரட்ட வழி சொல்லப்போவதில்லை. இப்போது உங்கள் பயம் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது. அதைக் கொண்டுபோய் ஒன்றிரண்டு இடத்தில் நிறுத்தினால் போதும்.

முதல் இடம் ஊசி.

பீடி சுற்றுகிறவர்களின் விரல் சும்மா இருக்காது. கீழே விழுந்த இலைத் துண்டு, சிந்திய தூள், அறுந்த நூல் எல்லாவற்றையும் கண் பார்க்காமலே கை கூட்டிச் சேர்த்துவிடும். வார்டில் அந்தப் பழக்கம்தான் உங்களுக்கு ஆபத்து. கட்டிலுக்கடியில் பஞ்சு கிடந்தால் விரல் தானாகப் போகும். அந்தப் பஞ்சுக்குள் ஊசி இருக்கலாம். ஊசியை உரிய டப்பாவில் போடுவது அதைப் பயன்படுத்தியவரின் கடமை. ஆனால் அவசரத்தில் தவறுகிறார்கள். மெத்தை மடிப்பிலும், கழற்றிப் போட்ட விரிப்பிலும் ஊசி கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். எனவே தரையில் கிடக்கும் எதையும், கையுறை போட்டிருந்தாலும், கையால் எடுக்காதீர்கள். முறத்தில் தள்ளுங்கள், அல்லது இடுக்கியால் எடுங்கள். கையுறை ஈரத்தைத் தடுக்கும், ஊசியைத் தடுக்காது. விரிப்பை உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டுங்கள்.

குப்பைப் பைக்கும் ஒரு முறை இருக்கிறது. முக்கால் பங்கு நிறைந்ததும் வாயைக் கட்டிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதே என்று கையாலோ காலாலோ அழுத்தக் கூடாது. கட்டிய இடத்தைப் பிடித்து, உடம்பில் படாமல் விலக்கித் தூக்க வேண்டும். அடியில் கை கொடுத்துத் தாங்குவதும், தோளில் போடுவதும், இடுப்பில் இடுக்குவதும் கூடவே கூடாது. பையைப் பொத்துக்கொண்டு வெளியே நீட்டும் ஊசி அப்போதுதான் குத்தும்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் குத்திவிட்டால், அந்த விரலை வாயில் வைக்காதீர்கள், பிதுக்காதீர்கள். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். 'திட்டுவாங்களோ' என்று மறைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க மாத்திரை இருக்கிறது. முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். மறைத்தால் இந்த நேரம் கைநழுவிப் போகும்.

எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் நடுங்குகிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், மாத்திரை எடுக்காத 1000 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் தொற்றும். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி உள்ளவரின் ஊசியாக இருந்தால், தடுப்பூசி போடாத 100 பேரில் 30 பேர் வரை தொற்றலாம். இந்தக் கிருமி காய்ந்த ரத்தத்திலும் 7 நாள் வரை உயிரோடு இருக்கும். இத்தனை பொல்லாத கிருமிக்குத்தான் நம் கையில் நல்ல தடுப்பூசி இருக்கிறது: முதல் நாள் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. டெட்டனஸ் ஊசியும் உண்டு. இது யாரும் உங்களுக்குச் செய்யும் தயவில்லை. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லாருக்கும் இந்தத் தடுப்பூசிகள், கையுறை உள்ளிட்ட பாதுகாப்புப் பொருட்கள், வேலையில் சேரும்போதும் பிறகு ஆண்டுதோறும் பயிற்சி, உடல் பரிசோதனை இவையெல்லாம் தரவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். பயிற்சி எதுவும் தராமல் முதல் நாளே மாப்பைக் கையில் திணித்து வார்டுக்குள் அனுப்பும் இடங்கள் உண்டு. அது தப்பு, அது என்னைக் கோபப்படுத்துகிறது. உங்களுக்கு அப்படி நடந்தால் மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அந்த மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுச் சிஸ்டர் யார் என்று விசாரித்து அவரிடம் போங்கள். 'நான் புதுசு, எனக்குச் சொல்லிக்கொடுங்க, ஊசி போட்டுவிடுங்க' என்று கேளுங்கள். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டு வந்தால் எனக்கு அன்றைய நாளே நல்ல நாள்.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாதே என்கிறீர்கள். குப்பை விஷயத்தில் படிக்கவே வேண்டாம், நிறம் தெரிந்தால் போதும். ரத்தம், சீழ் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள். டிரிப்ஸ் குழாய், மூத்திரப் பை, ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை ஆகிய பிளாஸ்டிக் எல்லாம் சிவப்பு. ஊசி, பிளேடு வெள்ளை டப்பா; அதைத் திறக்கவோ கவிழ்க்கவோ உங்களுக்கு வேலையில்லை. மருந்துப் புட்டி, உடைந்த கண்ணாடி நீலம். சாப்பாட்டு இலை, காகிதம் போன்ற சாதாரணக் குப்பை இந்த நான்கிலும் சேராது. யாராவது மாற்றிப் போட்டிருந்தால் நீங்கள் கையை விட்டு எடுத்துச் சரிசெய்யாதீர்கள். சிஸ்டரிடம் காட்டுங்கள்.

பயத்தை நிறுத்த வேண்டிய இரண்டாவது இடம் இதுதான்: தெரியாமல் எதையாவது தொட்டுவிடுவேனோ என்ற பயம் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். சுவரில் செருகியிருக்கும் எந்த பிளக்கையும் பிடுங்கக் கூடாது. அது மூச்சு தரும் இயந்திரத்தினுடையதாக இருக்கலாம். டிரிப்ஸ், ஆக்சிஜன் குழாய்களை நகர்த்த வேண்டுமென்றால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நெஞ்சில் குழாய் போட்டிருக்கும் நோயாளியின் கட்டிலுக்கடியில் தண்ணீர் ஊற்றிய பாட்டில் ஒன்று இருக்கும். துடைக்க வசதியாக இருக்கட்டும் என்று அதைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டால், உள்ளே இருப்பது திரும்ப நெஞ்சுக்குள் போய்விடும். அதைச் சுற்றித் துடையுங்கள், தூக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைப் பக்கம் வாளியும் மாப்பும் கொண்டு தனியாகப் போகவே வேண்டாம். ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அந்த இயந்திரத்தில் உள்ள காந்தம் இரும்பை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 2018இல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போன ஓர் இளைஞர் காந்தம் இழுத்த வேகத்தில் உயிரிழந்தார். அவர் நோயாளிக்குத் துணைக்கு வந்த உறவினர்; சொல்ல வேண்டியவர்கள் அவருக்குச் சரியாகச் சொல்லவில்லை.

இன்னொன்று. உங்களைப் பார்த்தால் நோயாளிகள் தண்ணீர் கேட்பார்கள். 'ஒரு வாய் கொடு தாயி' என்பார்கள். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவருக்கு அந்த ஒரு வாய் தண்ணீர் மயக்க மருந்தின்போது நுரையீரலுக்குள் போகக்கூடும். மனசு கேட்காதுதான். 'இருங்க, சிஸ்டர்கிட்ட கேட்டுட்டு வாரேன்' என்று சொல்லுங்கள். பாவமாக இருந்தாலும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ரத்தத்துக்கு வருவோம். ரத்தத்தைப் பார்த்ததும் தலை சுற்றுவது கோழைத்தனம் கிடையாது. சிலருடைய உடம்பு அப்படி. ரத்தத்தைக் கண்டதும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடும். செவிலியர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஆபரேஷன் தியேட்டரில் விழுந்து எழுந்தவர்கள்தான். 1980களில் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற சுவீடன் உளவியலாளர் இதற்கென்றே ஒரு முறையை வகுத்தார். கை, தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடியுங்கள். முகத்தில் சூடு ஏறுகிற வரை, 10 முதல் 15 வினாடி. பிறகு விட்டுவிட்டு அரை நிமிடம் சாதாரணமாக இருங்கள். ஐந்து முறை இப்படிச் செய்யுங்கள். இறுக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும், மயக்கம் தள்ளிப்போகும். இன்றிலிருந்தே வீட்டில் உட்கார்ந்து பழகுங்கள். வார்டில் நின்றபடியே, யாருக்கும் தெரியாமல் செய்யலாம். கண் இருட்டிக்கொண்டு வந்தால் வெட்கப்படாமல் அதே இடத்தில் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். நின்று சமாளிக்கப் பார்த்தால் விழுந்து மண்டையில் அடிபடும். வெறும் வயிற்றோடு மட்டும் போகாதீர்கள். பழைய சோறோ இரண்டு இட்லியோ, அதிகாலையில் இறங்காவிட்டாலும் சாப்பிட்டுவிட்டே பஸ் ஏறுங்கள்.

தரையில் ரத்தம் கிடந்தால் அதற்கும் வரிசை உண்டு, அந்த வரிசையே உங்களுக்குத் துணை. மனசு பதறும்போது கைக்கு அடுத்த வேலை எது என்று தெரிந்திருந்தால் பதற்றம் அடங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய துணியோ காகிதமோ போட்டு மூடுங்கள். மூடிவிட்டாலே சிவப்புக் கண்ணுக்குத் தெரியாது, பாதிப் பயம் போய்விடும். அதன்மேல் 1 சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங்) கரைசலை ஊற்றிக் குறைந்தது 10 நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு அப்படியே ஒற்றி எடுத்து மஞ்சள் பையில் போட்டுவிட்டு, வழக்கம்போலத் துடையுங்கள். எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைக் கண்ணளவில் செய்யாதீர்கள்; அளவு மூடியைக் கேட்டு வாங்குங்கள். பிளீச்சிங்கோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள். ரெண்டும் சேர்ந்தால் நன்றாகப் போகும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ரெண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. சின்னக் கழிப்பறைக்குள் அது மூச்சை அடைத்துவிடும்.

வாடை முதல் அரை மணி நேரம்தான் படுத்தும். பிறகு மூக்கு பழகிவிடும்.

வீட்டுக்கு நோய் கொண்டுபோவேனோ என்ற கேள்விக்கு என் பதில்: கையைக் கழுவினால் பெரும்பாலும் கொண்டுபோக மாட்டீர்கள். கையுறையைக் கழற்றியதும் கழுவுங்கள், கழிப்பறை வேலை முடிந்ததும் கழுவுங்கள், சாப்பிடும் முன் கழுவுங்கள், கிளம்பும் முன் கழுவுங்கள். சோப்பு என்றால் 40 வினாடிக்குக் குறையாமல், கட்டைவிரலும் விரல் இடுக்கும் நகக்கண்ணும் சேர்த்து. கண்ணாடி வளையலையும் மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், அழுக்கு அவற்றின் அடியில்தான் தங்கும். பீடிக் கத்தரி பட்ட வெட்டோ வெடிப்போ விரலில் இருந்தால், தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிவிட்டு அதற்குமேல் கையுறை போடுங்கள். கையுறையோடு மூக்கையும் செல்போனையும் தொடாதீர்கள். செல்போனைத்தான் வீட்டில் பிள்ளைகள் முதலில் வாங்குவார்கள். ஒரு மாற்றுப் புடவை கொண்டுபோய், டூட்டி துணியை அங்கேயே மாற்றித் தனிப் பையில் கட்டிக் கொண்டுவந்து, தனியாக ஊறவைத்துத் துவையுங்கள். பிறகு குளித்துவிட்டுப் பிள்ளைகளைத் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம். எச்.ஐ.வி. தொட்டால் வராது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினாலும் வராது. காசநோய் வார்டில் நோய் காற்று வழியாகப் பரவக்கூடும். அங்கே டூட்டி போட்டால் என்-95 முகக்கவசம் கேட்டு வாங்குங்கள், சாதாரண மாஸ்க் போதாது.

உங்கள் நாத்தனார் பேச்சை நான் ஒதுக்கிவிட்டுப் போகப்போவதில்லை, அதுதான் உங்கள் தூக்கத்தை எடுத்திருக்கிறது. இந்த வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டிவிட்டு, அதே வேலையைச் சொல்லி அவர்களை இழிவு செய்த ஊர் நம் ஊர். அந்தப் பழைய விஷம்தான் அவர் வாயில் வந்தது. ஆமாம், மலம் துடைக்க வேண்டியிருக்கும். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு நானும் துடைத்திருக்கிறேன், மருத்துவமனையில் அது சிகிச்சையின் பகுதி. ஆனால் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கு என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பாதுகாப்பில்லாமல் மனிதரை அதில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

1847இல் வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில், பிரசவத்துக்கு வந்த தாய்மார்கள் காய்ச்சல் கண்டு செத்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் மாதத்தில் 100க்கு 18 பேர். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் கண்டுபிடித்து, எல்லாரையும் குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஜூன் மாதத்தில் சாவு 100க்கு 2 ஆகக் குறைந்தது. அவர் கரைத்து வைத்தது ஏறக்குறைய உங்கள் வாளியில் இருக்கப்போகும் பிளீச்சிங் பவுடரேதான். நாங்கள் எத்தனை மருந்து ஏற்றினாலும், கட்டில் கம்பி, அலமாரிப் பிடி, டிரிப்ஸ் ஸ்டாண்டு, ஸ்விட்சு, கதவுக் கைப்பிடி ஆகியவற்றை நீங்கள் துடைக்காவிட்டால், ஒரு கட்டிலின் கிருமி அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். நாத்தனாருக்குப் பிரசவம் பார்த்த அறையையும் உங்களைப் போல ஒருவர்தான் துடைத்து வைத்திருப்பார்.

வார்டில் சிலர் 'ஏய்' என்று கூப்பிடக்கூடும். 'என் பேரு இன்னது சிஸ்டர்' என்று முதல் நாளே சிரித்த முகமாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் அன்றிலிருந்து பெயரோடு அக்காவும் சேர்த்துக் கூப்பிடுவார்கள். திருந்தாத ஒருவர் இருவர் எல்லா இடத்திலும் உண்டு, அது உங்கள் குறையில்லை. பழைய ஆளாக இருக்கும் ஒரு அக்காவைப் பிடித்துக்கொண்டு, முதல் வாரம் அவர் பின்னாலேயே சுற்றுங்கள். சுத்தமான இடத்தில் தொடங்கி அழுக்கான இடத்தில் முடிப்பது, மேலிருந்து கீழே வருவது, கழிப்பறை மாப்பு வார்டுக்குள் வராமல் பார்ப்பது எல்லாம் பார்த்தாலே வந்துவிடும். நோயாளியின் ஆட்கள் பத்து இருபது ரூபாயைக் கையில் திணிக்கப் பார்ப்பார்கள். முதல் நாள் வாங்கிவிட்டால் பிறகு மறுக்க வராது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பதில் உங்களுக்குச் சேரவேண்டியதைக் கணக்காகக் கேளுங்கள்: இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண். இ.எஸ்.ஐ.க்கு உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனி 3.25 சதவீதம் போட வேண்டும். குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். பார்வையாளர் நேரத்தில் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு, எந்த வாசல், சூப்பர்வைசர் எங்கே உட்காருவார், கழிப்பறையும் குழாயும் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்த இடத்துக்குப் போகிறோம் என்றால் இரவு கொஞ்சமாவது கண் அசரும். அசராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ராத்திரி தூங்காததால் வேலை கெட்டுவிடாது. முன்பக்கம் மூடிய செருப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொடுத்த உங்கள் மகளுக்கும் ஒரு வேலை தருகிறேன். அம்மாவுக்கு ஹெபடைட்டிஸ் பி முதல் ஊசி போட்ட தேதியைக் கேட்டு, ஒரு மாதம் கழித்து வரும் தேதியையும் ஆறாவது மாதத் தேதியையும் காலண்டரில் வட்டம் போட்டு வை, கண்ணே. மூன்றாவது ஊசியைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து, தேவையான எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்.